முக்கால் மீட்டர் ஆழம்

லுங்கிலேயின் வீட்டுக் கூடத்தில் ஒன்றரை மாதமாக யாரும் நேர்வழியில் நடக்கவில்லை. தரையில் நீல ஒட்டுநாடாவால் ஒரு நீள்சதுரம் போட்டு வைத்திருந்தாள். நூற்றெண்பது சென்டிமீட்டர் நீளம், எழுபத்தைந்து அகலம். கடல் பவளமும் மீனும் வளர்க்கிற பவளத் தொட்டி வந்தால் இவ்வளவு இடம் போகும், இப்போதே எல்லாரும் பழகிக்கொள்ளட்டும் என்பது அவள் ஏற்பாடு. கணவன் லிண்டானி ஒருநாள் டீக் கோப்பையோடு அந்தக் கோட்டுக்குள் கால் வைத்துவிட்டான். "பவளத்தை மிதிச்சிட்டே" என்றாள், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே. வெறும் சிமெண்டுத் தரை அது. ஆனாலும் மனிதன் காலை எடுத்துக்கொண்டான். பதினெட்டு வருஷக் குடித்தனம், வேறென்ன செய்வான்.

டர்பனில் ஓட்டுநர் உரிமத் தேர்வு வைக்கிற அதிகாரி லுங்கிலே. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு விரற்கடை கோட்டைத் தாண்டினாலும் பேனா மூடியைக் கழற்றிவிடுவாள். அழுதாலும் கெஞ்சினாலும் அடுத்த மாதம் வா என்பாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு தொட்டி கட்டக் கிளம்பினால் சும்மா இருப்பாளா? குளிர்பெட்டிக் கதவு முழுக்க வரைபடங்கள். எந்த விளக்கு எந்தப் பாறைக்கு மேல், பம்பு எந்தப் பக்கம், கழிவை வடிக்கிற கீழ்த்தொட்டி எங்கே என்று எல்லாம் கலர் பென்சிலில். தொட்டியின் உயரம் அறுபது சென்டிமீட்டர். அதை அவள் யோசித்துத்தான் போட்டாள். அவள் குள்ளம். முக்காலியில் ஏறி அக்குள் வரை கையை விட்டால் அறுபது வரைதான் எட்டும். தாங்குகால் தொண்ணூறு, தொட்டி அறுபது, மொத்தம் நூற்றைம்பது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள்.

மேலே சட்டம் இல்லாத தொட்டிதான் வேண்டுமென்று ஒரே பிடி. சாதாரணத் தொட்டிகளுக்கு மேல் விளிம்பைச் சுற்றி ஒரு சட்டம் இருக்கும், கண்ணாடி பிதுங்காமல் அது பிடித்துக்கொள்ளும். இதில் அது கிடையாது. ஐந்து கண்ணாடிப் பலகை, நடுவில் சிலிக்கோன் பசை, அவ்வளவுதான். தண்ணீர் விளிம்பு வரை நிற்கும், மேலிருந்து குனிந்தும் பார்க்கலாம். அழகுக்கு அழகு, ஆபத்துக்கு ஆபத்து. ஒட்டுகிறவன் கை சுத்தமாக இல்லாவிட்டால் ஒரு டன் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடும்.

ஒட்டப் போகிறவன் யார் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் தம்பி தோகோசானி. அவனிடமே இன்னும் சொல்லவில்லை.

தோகோ டர்பனை ஒட்டிய பைன்டவுனில் கடைகளுக்குக் கண்ணாடி முகப்பு போடுகிறவன். ஒரு காலத்தில் டர்பன் பவளச் சங்கத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன் தன் வீட்டுக்கு இதேபோல் சட்டமில்லாத தொட்டி ஒன்றைத் தானே ஒட்டினான். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு எல்லாருமாக வண்டி கட்டிக்கொண்டு வீடு வீடாகத் தொட்டி பார்க்கப் போவார்கள். அந்த ஞாயிறு அவன் முறை. பசை காய இரண்டு வாரம் வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவன், வருகிறவர்கள் காலித் தொட்டியையா பார்ப்பார்கள் என்று ஐந்தாம் நாளே தண்ணீர் விட்டு, பழைய தொட்டியிலிருந்த பவளத்தையெல்லாம் மாற்றிவிட்டான். சங்கத்துக்காரர்கள் கேக்கும் கையுமாக வாசலுக்கு வந்தபோது தண்ணீர் படியிறங்கி அவர்களை எதிர்கொண்டு வந்தது. ஒரு மீன் பிழைக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனைக் கொன்றுவிட்டது. இருபது பேரும் காலுறையைக் கழற்றிவிட்டு, பேசாமல் தரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் தோகோ விளக்கு, பம்பு எல்லாவற்றையும் குப்பைக்காரனிடம் தூக்கிக் கொடுத்தான். அன்றோடு அக்கா வீட்டுக் கூடத்துக்கும் வருவதில்லை, அங்கே ஒரு சின்னப் பவளத் தொட்டி ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். கிறிஸ்துமஸுக்கு வருவான், முற்றத்திலேயே நின்று இறைச்சி தின்பான், கை கழுவத் தோட்டத்துக் குழாய்க்குப் போவான், போய்விடுவான். ஒரே தம்பி. ஏழு வருஷம். லுங்கிலேக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. பெரிய தொட்டி, பெரிய தொட்டி என்று அவள் குதித்ததெல்லாம் மீனுக்காக மட்டும் இல்லை. அவனைக் கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

கெஞ்சினால் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஒரு சனிக்கிழமை அவன் பட்டறைக்குப் போய், வேறு ஏதோ வேலையாக வந்தவள் மாதிரி, ஜோஹன்னஸ்பர்க்கில் ஒருவரிடம் தொட்டி சொல்லப் போவதாகச் சொன்னாள். மேலே கறுப்புச் சட்டம் போட்டது. "சட்டம் இல்லாம அந்த அளவுல ஒட்ட டர்பன்ல ஆள் இல்லையாம்டா."

தோகோ கண்ணாடி அறுப்பதை நிறுத்தினான். "யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"கறுப்புச் சட்டமா? பிணத்துக்குத் தாடைக்கட்டு கட்டின மாதிரி இருக்கும் சிசி." அக்காவை அவன் சிசி என்றுதான் கூப்பிடுவான்.

"இருந்துட்டுப் போகட்டும். ஒழுகாம இருந்தா சரி." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், கொஞ்சம் ஆழமாகவே குத்திவிட்டோமோ என்று.

அவன் பாதி அறுத்த கண்ணாடியை ஓரமாகச் சாய்த்து வைத்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, வரைபடத்தைக் கொடு என்றான். இரண்டு நிபந்தனை போட்டான். சங்கத்துக்காரன் ஒருத்தனும் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. எவ்வளவு நாளாகும் என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கக் கூடாது. தாங்குகாலையும் தானே இரும்பில் பற்றவைத்துத் தருவதாகச் சொன்னான். அவள் சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் வண்டியேறி, முதல் முனையில் நிறுத்திக் கொஞ்சம் அழுதாள்.

அவன் ஒட்டி முடிக்கவும் காயவிடவும் ஏழு வாரம் ஆனது. இரண்டு வாரப் பசைக்கு நாலு வாரம் காயவிட்டிருக்கிறான், பாவி. அதற்குப் பிறகு பட்டறை முற்றத்தில் தண்ணீர் நிரப்பிச் சோதனை. தொட்டியைச் சுற்றிச் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தான், ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். தண்ணீரில் நீல மை வேறு கலந்திருந்தான். இரண்டு வாரம் தாள் காய்ந்திருந்தால்தான் வண்டியேற்றுவேன் என்றான்.

ஒன்பதாம் நாள் காலை வேலைக்குப் போகிற வழியில் லுங்கிலே எட்டிப் பார்த்தாள். தோகோ தரையில் முழங்காலிட்டுக் கிடந்தான். இடதுபக்க மூலையில் தாள் நனைந்திருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எடுத்துட்டுப் போயிடு சிசி. ஜோஹன்னஸ்பர்க்காரனுக்கே போன் பண்ணு."

போச்சு, இந்த முறை போனால் இவன் முற்றத்துக்குக்கூட வரமாட்டான் என்று நினைத்தாள். ஆனால் தேர்வு வைக்கிறவள் அல்லவா, யார் அழுதாலும் முதலில் கோட்டைப் பார்க்கிற பழக்கம். குனிந்து அந்தத் தாளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதுல நீலம் எங்கடா?"

அவன் நிமிர்ந்தான். தாளை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். நீலம் இல்லை. வெறும் தண்ணீர். முந்தின நாள் குளிரில் தொட்டித் தண்ணீர் சில்லிட்டிருக்க, காலையில் கடலிலிருந்து புழுக்கமான காற்று வீச, கண்ணாடி வியர்த்து வழிந்திருக்கிறது. அவ்வளவுதான். அவன் மற்ற மூன்று பக்கமும் விரலால் துடைத்துப் பார்த்தான், அங்கேயும் ஈரம். தொட்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். லுங்கிலே அவன் முதுகைத் தட்டவில்லை, தட்டினால் ஓடிவிடுவான் என்று தெரியும். தேர்வுக்கு நேரமாச்சு என்று முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினாள்.

தொட்டி வந்தது. நாலு ஆட்களோடு போர்வை சுற்றிக் கொண்டுவந்து, நீலக் கோட்டுக்குள் ஒரு மயிரிழை பிசகாமல் இறக்கினான் தோகோ. நீளம் அளந்தாள், சரி. அகலம் அளந்தாள், சரி. தரையிலிருந்து விளிம்பு வரை அளந்தாள், நூற்றைம்பது. மட்டம் பார்த்தாள், குமிழி நடுவிலேயே நின்றது. அவள் வெளியே அடுக்கிப் பார்த்து வைத்திருந்த பாறைகளை அவனே உள்ளே இறக்கினான், மணலையும் அவனே பரப்பினான். அத்தனை நேரமும் சின்னத் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வேலை செய்தான். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. சோறு வைத்திருக்கிறேன் என்றாள். வேலை கிடக்கிறது என்றான். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

வேலையை அப்பழுக்கில்லாமல் செய்துவிட்டான், அதுதான் இப்போது தொல்லை. ஒழுகினால் அல்லவா மறுபடி வருவான்? கண்ணாடியைப் பார்க்கப் பார்க்க லுங்கிலேக்கு ஆத்திரம் வந்தது. இப்படியா ஒரு மூலைகூடக் குறை இல்லாமல் ஒட்டுவான் ஒருத்தன்.

லிண்டானி தன் பிக்கப்பில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். அவள் கணக்குப்படி எட்டு டிரம். அவன் பத்தாவதைத் தூக்கிக்கொண்டு வரும்போது முனகினான், உன் கணக்கில் ஏதோ இடிக்கிறது, இது குடித்துக்கொண்டே இருக்கிறது என்று. எண்ணத் தெரியாதவனோடு பேசிப் பயனில்லை என்று அவள் விட்டுவிட்டாள். தன் கணக்கு தப்பும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் அவள்.

அதற்குப் பிறகு இரண்டரை மாதம் ஒன்றும் இல்லை. புதுத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் வளர வேண்டும், அதுவரை பவளமும் கூடாது, மீனும் கூடாது. பாறையில் பழுப்புப் பாசி படிந்தது, பிறகு உதிர்ந்தது. வந்தவர்களிடமெல்லாம் லிண்டானி, எங்கள் வீட்டில் கல் வளர்க்கிறோம், நன்றாகச் சாப்பிடுகிறது என்றான். லுங்கிலே வாரம் இரண்டு முறை தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதினாள். தோகோவிடமிருந்து ஒரு போன் இல்லை.

ஒரு ஞாயிறு தண்ணீர் தயாரானது. முதலில் எதை வைப்பது என்று அவள் ஏழு வருஷத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தாள். சங்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. நல்ல பவளம் கிடைத்தால் அதை ஒடித்து நாலு பேருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒருத்தன் தொட்டி செத்தாலும் பவளம் சாகாது, கொடுத்தவன் பெயரும் அதோடு ஒட்டிக்கொள்ளும். தொட்டி உடைவதற்கு முந்தின மாதம் தோகோ அவளுக்கு நுனி சுத்தியல் மாதிரி விரியும் ஒரு பச்சைச் சுத்தியல் பவளம் ஒடித்துக் கொடுத்திருந்தான். கட்டைவிரல் அளவு. அது இப்போது சின்னத் தொட்டியில் ஒரு முட்டைக்கோஸ் பருமன் இருந்தது. அவளிடமிருந்து பிறரும் வாங்கிப்போய், டர்பனில் முப்பது வீட்டிலாவது அது அசைந்துகொண்டிருந்தது. எல்லாரும் அதற்குச் சொல்லும் பெயர் 'தோகோ பச்சை'. அவனுக்கு மட்டும்தான் அது தெரியாது.

அதற்கு அதிக வெளிச்சம் ஆகாது, அடியில் மணலை ஒட்டி வைக்க வேண்டும். லுங்கிலே ஒரு கொத்தைப் பிரித்தெடுத்து, முக்காலியில் ஏறி, கையை விட்டாள். முழங்கை முழுகியது, தோள் முழுகியது, கன்னம் தண்ணீரைத் தொட்டது. மணல் இன்னும் கீழேயே இருந்தது. பவளத்தைக் கிண்ணத்தில் விட்டுவிட்டு இறங்கி, அளவுநாடாவை எடுத்துக் கண்ணாடியை அளந்தாள். எழுபத்தைந்து. திரும்ப அளந்தாள். எழுபத்தைந்துதான். தாங்குகாலை அளந்தாள். அதுவும் எழுபத்தைந்து.

முதலில் கோபம்தான் வந்தது. அறுபது என்று அடிக்கோடு போட்டு எழுதிக் கொடுத்தால், முட்டாப்பயல். அப்புறம் முக்காலியில் உட்கார்ந்தாள். தொட்டியில் பதினைந்து ஏற்றி, தாங்குகாலில் பதினைந்து இறக்கியிருக்கிறான். மொத்தம் நூற்றைம்பது மாறவில்லை. ஆழம் கூடினால் கண்ணாடி கனமும் கூட வேண்டும், அதையும் கூட்டித்தான் போட்டிருக்கிறான். கைதவறி யாரும் இவ்வளவு கச்சிதமாகத் தப்பு பண்ணுவதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஈரக் கையோடே போனை எடுத்தாள்.

"தோகோ, தொட்டியில கை எட்டலைடா."

"அப்படியா? ஒரு பேங்க் முகப்புக்கு வந்த கண்ணாடி மிஞ்சிக் கிடந்துச்சு சிசி. நல்ல கனம். அறுக்க மனசு வரலை." பிறகு, "பதினைஞ்சு சென்டிமீட்டர்தானே குறையுது?"

எவ்வளவு என்று அவள் சொல்லவே இல்லை. அதைச் சுட்டிக் காட்டாமல் விட்டதுதான் அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகம். "ஆமா. உன் கை நீளம். வந்து வச்சிட்டுப் போ" என்றாள்.

பைன்டவுனிலிருந்து இருபத்தைந்து நிமிஷத்தில் வந்தான். சட்டையைக் கழற்றி, தோள் வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தவன், கிண்ணத்தில் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இது எங்க கிடைச்சுது?"

"நீ குடுத்ததுதான்."

அவன் மெதுவாகத் திரும்பிச் சின்னத் தொட்டியைப் பார்த்தான். அவள் முப்பது வீட்டுக் கதையையும், சங்கத்தில் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் சொன்னாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உப்புத் தண்ணி கண்ணில் பட்டுவிட்டது என்றான், இன்னும் தொட்டிக்குள் கையையே விடாதவன். பிறகு பவளத்தை எடுத்து, எங்கே வைக்கணும், இங்கேயா, இன்னும் இடப்பக்கமா என்று அவளைக் கேட்டுக் கேட்டு அரைமணி நேரம் வைத்தான். அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். லிண்டானி, "சிபாலி, உள்ளே நாற்காலி இருக்கிறது இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று மைத்துனனை ஒரு வார்த்தை வாரினான், மச்சான்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அது முதல் ஒவ்வொரு ஞாயிறும் வேலை இருந்தது. இந்த வாரம் ஒரு கல் சரிந்துவிட்டது, அடுத்த வாரம் நத்தை ஒன்று மல்லாந்து கிடந்தது. சில வாரம் கல் தானாகச் சரியவில்லை, லுங்கிலே துடைப்பக் குச்சியால் தள்ளிவிட்டாள்.

இப்படி இருக்கையில் சங்கத்துத் தலைவி ரென்சியா வந்தாள். ஓய்வுபெற்ற பல் மருத்துவர், பல் பிடுங்கும் கருவியால்தான் இன்றும் பவளம் ஒடிப்பாள். ஆழமான தொட்டி என்று கேள்விப்பட்டு ஒரு பரிசு கொண்டுவந்திருந்தாள். முக்கால் மீட்டருக்கும் மேல் நீளமான எஃகு இடுக்கி. இனி யார் தயவும் வேண்டாம், முக்காலிகூட வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னாள். லுங்கிலே நன்றி சொல்லி, கட்டிப்பிடித்து, ரென்சியாவின் கார் திரும்பியதும் அதைக் கொண்டுபோய்ச் சமையலறை சிங்க்குக்கு அடியில், சாக்கடைக் குழாய்க்குப் பின்னால் சொருகிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஞாயிறு மதியம். லிண்டானி முற்றத்தில் கரியடுப்பு மூட்டியிருந்தான். தோகோ கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே வந்தான். கூடவே லுங்கிலே சாலட் கிண்ணத்தோடு வந்தாள், வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். லிண்டானி தொத்திறைச்சிச் சுருளைப் புரட்டிக்கொண்டிருந்தான், தீயிலிருந்து வசதியாக ஒரு எட்டு தள்ளி நின்று, பளபளக்கிற நீண்ட இடுக்கியால்.

"சிபாலி, இது எங்க இருந்துச்சு?" என்றான் தோகோ.

"சிங்க்குக்கு அடியில. குழாய் ஒழுகுதுன்னு பார்த்தேன், உள்ள கிடந்துச்சு. தொட்டிக்குன்னு ரென்சியா அன்னிக்கு என் முன்னாடி குடுத்தது, உங்கக்கா எதுக்கோ ஒளிச்சு வச்சிருக்கா."

தோகோ அதை வாங்கினான். துணியால் துடைத்து, தன் கையோடு சேர்த்துப் பிடித்து நீளம் பார்த்தான். கையைவிட இடுக்கி நீளம். அக்காவைப் பார்த்தான். ஒரு தேர்விலும் யாருக்கும் தலை குனியாத லுங்கிலே, கிண்ணத்திலிருந்த தக்காளியை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

அவன் இடுக்கியை லிண்டானியிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இது உப்புத் தண்ணிக்கு ஆகாது சிசி. துருப்பிடிச்சிடும். அடுப்புக்கே இருக்கட்டும்."

துருப்பிடிக்காத எஃகு என்று அதன் பிடியிலேயே பொறித்திருந்தது. "நானும் அதையேதான் நினைச்சேன்" என்றாள் லுங்கிலே. பிறகு, சாப்பிட்டதும் அந்த வலதுபக்கக் கல்லைக் கொஞ்சம் நகர்த்திக் கொடு என்றாள். தோகோ சரி என்று சொல்லிவிட்டு, கை கழுவ உள்ளே போனான்.